திருப்பிப் போட்ட ஒட்டு

அந்தப் பிளைவுட் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஒட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத்தில் அது அவ்வளவு பழகிவிட்டது. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

வேலை இதுதான். பெரிய மரத்தடியைக் கத்தி இயந்திரம் சீவித் தள்ளும். நகத்தின் கனம்கூட இல்லாத இதழ் இதழாக வெனீர் வரும். மலிவான மரங்களை ஒட்டி உருவாக்கிய பலகைக்கு மேல்முகமாக இந்த இதழைத்தான் பதிப்பார்கள். நாம் மேசையிலும் அலமாரியிலும் தடவிப் பார்த்து “அசல் மரம்” என்று மெச்சிக்கொள்வது பெரும்பாலும் இந்த அரை மில்லி இதழைத்தான். அதில் கணு உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தால் அது ஒட்டுக்காரியின் மேசைக்கு வரும். ஓட்டையைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வேறொரு துண்டை வெட்டி, ரேகையோடு ரேகை சேரும்படி பதித்து, பசை காய்வதற்குள் ஓரத்தை அழுத்தி அனுப்ப வேண்டும்.

அனுப்பினால் அது சூட்டில் அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸில் பலகையாகி, தேய்த்து வழவழப்பாகி, கடைசியில் தரம் பார்க்கிற மேசைக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அவளுடைய நாத்தனார், அதாவது அவள் கணவனின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அண்ணிதான். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். “வீட்டுல சும்மா உட்கார்ந்து என் தம்பி மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கறதுக்கு ஓட்டையாவது அடை” என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்.

அண்ணியின் கையில் மூன்று முத்திரைகள் உண்டு. மேல்முகத்தில் ஒட்டே இல்லை என்றால் முதல் தரம். ஒட்டு இருந்து, கை நீட்டும் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இரண்டாம் தரம். தெரிந்தால் மூன்று. பலகையைச் சாய்த்து, பக்கவாட்டில் விழும் குழல் விளக்கின் வெளிச்சத்தில் தலையைத் தாழ்த்திப் பார்ப்பார். ஒட்டைக் கண்டுபிடித்ததும் சாக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அப்புறம் தலையைத் தூக்காமலே இரண்டு வார்த்தை சொல்வார்: “ஒட்டு தெரியுது.”

பதினோரு வருஷமாக இந்த இரண்டு வார்த்தைதான். அது இரண்டாம் தரத்துக்குத் தேறினாலும் வட்டம் உண்டு. ஒட்டு மேசையிலிருந்து தரம் பார்க்கிற மேசைக்கு ஒரு பேச்சும் போகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான முறை. எதில் ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒட்டுக்காரி சொல்லக் கூடாது, அண்ணி கேட்கக் கூடாது. ஆனாலும் அந்த வட்டம் ஒருநாளும் தப்பியதில்லை. வீட்டிலும் இரண்டு பேரும் ஒரே சமையலறையில் உருட்டிக்கொண்டு இருப்பார்கள், தொழிற்சாலைப் பேச்சு வராது. லாரி மெக்கானிக்கான கணவன் மட்டும் சொல்லிச் சிரிப்பான்: “நான்தான் நடு அடுக்கு. மேலயும் கீழயும் நீங்க ரெண்டு பேரும் வழவழன்னு இருங்க, அழுத்தம் மொத்தமும் எனக்கு வரட்டும்.”

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணியின் சாக்கட்டிக்கு அகப்படாமல் ஒட்டிவிட வேண்டும் என்பது ஒட்டுக்காரிக்கு வெறியாகவே ஆகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

அந்த வருஷம் ஒரு பெரிய நூலகச் சுவருக்கு முப்பத்திரண்டு பலகை கேட்டு வந்தது. மேல்முகம் எல்லாம் ஒரே மரத்தடியிலிருந்து வர வேண்டும், எல்லாமே முதல் தரம், ஓர் ஒட்டுகூட இருக்கக் கூடாது. அதுவும் நேர்ரேகை. தடியைச் சுழலவிட்டு உரித்தால் ரேகை அலைஅலையாக எப்படியோ ஓடும், அதில் ஒட்டை ஒளிப்பது சின்னப் பிள்ளைக்கும் முடியும். நீளவாக்கில் சீவினால் நடுவில் மலை மலையாக அடுக்கிக்கொண்டு வரும், ஓரத்தில் ஒளிக்கலாம். தடியை நாலாகப் பிளந்து சீவினால்தான் வம்பு. சீப்பால் வாரின மாதிரி கோடு கோடாக நிற்கும், ஒட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

தடியில் தேறியது சரியாக முப்பத்திரண்டு முகம். அதில் ஒன்றில், முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. வழக்கம்போல அது அவள் மேசைக்கு வந்தது. வழக்கம்போல வட்டம் விழும், இரண்டாம் தரமாகும், அதற்குப் பதில் வேறு மரத்தில் ஒன்றைச் சேர்த்துச் சுவர் மூலைக்குக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்க வேண்டும்.

அவள் குப்பைக் கூடையிலிருந்து துண்டு தேடாமல், அதே தடியின் அடுத்த இதழில் வெட்டிப் போட்ட முனையை எடுத்துவந்தாள். நிறம் அச்சாகப் பொருந்தியது. ரேகை மட்டும் ஓட்டை விழுந்த இதழில் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க, துண்டில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. துண்டைப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டாள். ரேகை ஒன்றோடு ஒன்று போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கே கண்ணை நம்ப முடியவில்லை.

அங்கேதான் அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். கத்தி இதழைச் சீவும்போது இதழ் வளைந்து வருகிறது. அதனால் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளோடு நெகிழ்ந்தும் போகும். நெகிழ்ந்த பக்கத்தை மேலே வைத்தால் காய்ந்த பலகையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. சாயம் ஏற்றினால் மட்டும் அந்த இடம் இரண்டு மடங்கு குடித்துக் கறுத்துவிடும். ஒட்டு வேலையில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்முன்னால் இருந்தது நூலகமும் இல்லை, சாயமும் இல்லை. குழல் விளக்கு வெளிச்சத்தில் தாழ்ந்திருக்கும் அண்ணியின் தலை மட்டும்தான் இருந்தது.

முப்பத்திரண்டு பலகையும் முதல் தரம் என்று முத்திரை விழுந்து வந்தது. வட்டம் இல்லை. ஒட்டுக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. நாலு நாள் அந்த ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். அண்ணி சாப்பாட்டில் உப்புக் குறை சொன்னபோதுகூடச் சிரித்தாள். “என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?” என்று அண்ணி சந்தேகமாகப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலையில் நூலகத்துத் தச்சர் பலகைகளைப் பார்க்க வந்தார். ஒட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மேலாளரிடம் சொன்னார்: “கறுப்புக் காப்பி நிறத்துல சாயம் ஏத்தப் போறோம். போன எடத்துல ஒரு பலகையில ஒட்டு இருந்து, சாயம் போட்டதும் பொட்டு வெச்ச மாதிரி எழுந்து நின்னுது. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

மேலாளர் சிரித்தார். “எங்க தரம் பார்க்கற அம்மா கண்ணுல அதெல்லாம் தப்பாது.” அப்புறம் அண்ணியின் மேசைப் பக்கம் திரும்பிச் சிரிப்பு இல்லாமல் சொன்னார்: “தப்பாது இல்ல? ஏற்கெனவே இந்த வருஷம் ஒண்ணு திரும்பி வந்திருக்கு. அன்னிக்கே சொல்லிட்டேன், இன்னொண்ணு வந்தா ஸ்டாம்பை வேற ஆள் கையில கொடுத்துடுவேன்னு.”

அண்ணி தலையைத் தூக்காமல், “முப்பத்திரண்டும் முதல் தரம்தான் சார்” என்றார்.

ஒட்டுக்காரி வெட்டிக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். வெறும் பாலிஷ்தான் போடுவார்கள், காலத்துக்கும் யாருக்கும் தெரியாது என்று தானாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு வண்டி ஏறிவிடும். ஒரு வாரத்தில் அந்தப் பொட்டு எழுந்து நிற்கும். இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அண்ணி. அந்த மூன்று முத்திரைக் கட்டையைத் தவிர தனக்கென்று வேறு எதையும் சம்பாதித்துக்கொள்ளாதவர்.

நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? “உங்களை ஏமாத்திட்டேன், நாலு நாளா அதை நினைச்சுச் சிரிச்சுட்டு இருந்தேன்” என்றா? வாய் வரவில்லை. பேசக் கூடாது என்கிற முறை வேறு இருந்தது, கோழைக்கு அது வசதியாகவும் இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, பாலிஷ் பகுதியிலிருந்து ஒரு குப்பி ஸ்பிரிட்டையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தாள். பலகைகள் நீள ஓரம் தரையில் பட, சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. ஆறு மில்லிப் பலகைதான், ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இருந்தது அரை மணி நேரம்.

முதல் பலகையைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. முனையிலிருந்து ஒரு சாண், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஓரம் அறுத்தபோது இதழில் எழுதியிருந்த எண் எல்லாம் போய்விட்டது. எந்த முனை என்பதும் தெரியாது. தன் கையால் செய்த ஒட்டு தன் கண்ணுக்கே அகப்படவில்லை என்று புரிந்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, வியர்த்தது.

தண்ணீர் தொட்டால் ரேகை சிலிர்த்து எழுந்துவிடும். மறுபடி தேய்க்க வேண்டும், தேய்த்தால் அரை மில்லி முகம் பிய்ந்து அடிமரம் தெரிந்துவிடும். அதனால்தான் ஸ்பிரிட். துணியை நனைத்து இரண்டு முனையிலும் ஓர் இழுப்பு இழுப்பாள். நனைந்த இடம் ஒரு நிமிஷம் கறுத்து அப்படியே உலர்ந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கேயாவது கூடுதலாகக் கறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏழு. எட்டு. வெளியே ஃபோர்க்லிஃப்ட் கிர்ரென்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் தூரமாகப் போயிற்று. பதினாலு. பதினைந்து. தோளில் சாய்ந்த பலகைகளின் பாரம் ஏறிக்கொண்டே வந்தது. இருபத்திரண்டாவது பலகையைத் துடைக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

“சாப்பிட வரல, ஸ்பிரிட் நாத்தம் மட்டும் வருது. என்ன பண்ணிட்டு இருக்கே?”

அண்ணிதான். ஒட்டுக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் துணி, தோளில் இருபத்தொரு பலகை, எங்கேயும் ஓட முடியாது.

“இதுல ஒண்ணுல ஒட்டு இருக்கு அண்ணி.”

அண்ணி அசையவில்லை. “என் ஸ்டாம்பு இருக்கறதுலயா?”

“ஆமா.”

“எது?”

“தெரியல.”

“நீ ஒட்டினது உனக்கே தெரியலையா?”

“தெரியல அண்ணி. சத்தியமா தெரியல.”

அவள் அழ ஆரம்பித்தாள். அண்ணி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கிட்டே வந்து அவள் தோளிலிருந்த பலகைகளைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “துடை” என்றார்.

இருபத்து மூன்று. இருபத்து நாலு. கிடங்குச் சுவரில் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பதைத் தாண்டியிருந்தது. இருபத்தொன்பதாவது பலகையின் வலது முனையில் துணியை இழுத்தபோது, மொத்தமும் கறுத்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு இன்னும் கறுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிட் உலர்ந்தது. துண்டு காணாமல் போயிற்று.

அண்ணி துணியை வாங்கித் தானே துடைத்தார். கறுத்து வந்தது, போயிற்று. மறுபடியும் துடைத்தார். மூன்றாவது தடவை குனிந்து நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தார்.

“நகத்துலகூடத் தட்டல” என்றார்.

பதினோரு வருஷத்தில் அண்ணி வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அதை அப்போது கேட்பதற்கு ஓர் அறை வாங்கியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

“திருப்பிப் போட்டிருக்கே, இல்ல?”

“ஆமா.”

“சாயம் குடிக்கும்னு தெரியாது?”

“வெறும் பாலிஷ்னு நினைச்சேன்.”

“அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே.” அண்ணி குரலை உயர்த்தவில்லை. “என்னைத் தோக்கடிக்கணும்னு அவ்வளவு ஆசையா உனக்கு?”

அண்ணி தோளிலிருந்த மற்றவற்றைச் சுவரில் சாய்க்க, ஒட்டுக்காரி அந்தப் பலகையை வரிசையிலிருந்து உருவி எடுத்தாள். “நான் இதைக் கீழ போட்டு மூலையை உடைச்சுடறேன் அண்ணி. கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கறேன். திட்டு எனக்குத்தானே? உங்க ஸ்டாம்புக்கு ஒண்ணும் ஆகாது.” தலைக்கு மேல் தூக்கியும்விட்டாள்.

அண்ணி பலகையின் நடுவில் கையை வைத்துப் பிடித்தார். “இறக்கு. நல்ல பலகை அது. ஓட்டை இருந்த எடம் மட்டும்தான் கெட்டது, மிச்சத்தை எதுக்கு உடைக்கறே?”

ஒருவர் இறக்கப் பார்க்க, ஒருவர் விடாமல் பிடிக்க, பலகை இருவர் கையிலும் இருக்கும்போது மேலாளரும் தச்சரும் உள்ளே வந்தார்கள். ஒட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

“முப்பத்தொண்ணுதான் சார் தேறும். இதுல ஒரு ஒட்டு என் கண்ணுக்குத் தப்பிடுச்சு. மூலைக்கு வேற மரத்துல ஒண்ணு கொடுத்துடலாம்.”

தச்சர் பலகையை வாங்கிப் பார்த்தார். “எங்கங்க ஒட்டு?” அண்ணி துடைத்துக் காட்டினார். அவர் உதட்டைப் பிதுக்கி, “மூலைன்னா சரி. இப்பவாவது சொன்னீங்களே” என்று மற்றப் பலகைகளை எண்ணப் போய்விட்டார். மேலாளரின் காது சிவந்திருந்தது.

“காலையில கேட்டேன். முப்பத்திரண்டும் முதல் தரம்னீங்க. வந்தவர் முன்னாடி என் மானம் போச்சு.”

“சார், ஒட்டினது நான்” என்று ஒட்டுக்காரி குறுக்கே விழுந்தாள். “வேணும்னே அகப்படாத மாதிரி ஒட்டினேன். தப்பு என்னோடது.”

மேலாளர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “தெரியாம ஒட்டறதுதாம்மா உன் வேலை. அதைக் கண்டுபிடிக்கறது அவங்க வேலை. இதைக் கண்டுபிடிச்சது யாரு?”

அண்ணி மோவாயால் அவளைக் காட்டினார்.

“திருப்பிப் போட்டேன் சார், நெகிழ்ந்த பக்கம் மேல...” அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலாளர் கையமர்த்திவிட்டுப் போனார். எல்லாவற்றையும் அவள் சொல்லித்தான் பார்த்தாள். உண்மை அன்றைக்கு ஒரு காசுக்கும் உதவவில்லை.

மறுநாள் காலையில் முத்திரைக் கட்டைகளும் சாக்கட்டியும் அவள் மேசைக்கு வந்தன. அவள் மேசையிலிருந்த கத்தியும் பசை டப்பாவும் அண்ணியிடம் போயின. வேண்டாம் என்று அவள் மேலாளரிடம் இரண்டு தடவை போய் நின்றாள். “வேண்டாம்னா வெளியிலேர்ந்து ஆள் எடுப்பேன், அவ்வளவுதான்” என்றார். வீட்டில் கணவன் சிரிக்க முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அண்ணி எப்போதும்போலக் காய் நறுக்கினார், எப்போதும்போல உப்புக் குறை சொன்னார். கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அந்தக் கல்லுளிமங்கி அதைக்கூடக் கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் ஒரு பலகை வந்தது. நேர்ரேகை. வெளிச்சத்தில் சாய்த்துத் தலையைத் தாழ்த்தியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில் பசை கசிந்து கோடு போட்டிருந்தது, ரேகை அரை மயிரிழை நகர்ந்திருந்தது. அந்த வாரம் ஒட்டு மேசையில் இருந்தது ஒரே ஒரு கைதான்.

இரண்டாம் தரத்து முத்திரையைக் கையில் எடுத்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. கை நீட்டும் தூரத்தில் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டால் யார் வந்து சண்டை பிடிக்கப் போகிறார்கள்? முத்திரையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். பத்தடி தள்ளி அண்ணியின் கத்திச் சத்தம் நின்றிருந்தது.

முத்திரையை வைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுத்து வட்டம் போட்டாள்.

“ஒட்டு தெரியுது, அண்ணி” என்றாள்.

அண்ணி எழுந்து வந்தார். பலகையைத் தானே சாய்த்து, தலையைத் தாழ்த்தி, முன்பு பார்த்த மாதிரியே பார்த்தார். நகத்தால் குறுக்கே கீறினார்.

“ஆமா, தெரியுது” என்றார். “உன் வட்டமும் கோணல்.”

திரும்பிப் போய் உட்கார்ந்து கத்தியை எடுத்துக்கொண்டார். ஒட்டுக்காரி முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகையைப் புரட்டி, மூன்று என்று முத்திரை குத்தினாள்.